தன்னலமும் அறமும்: ஆதம் சிமித் எழுதிய இரு நூல்கள்

1764ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில், ஒழுக்கவியற் பேராசிரியர் ஒருவர் தமது கடைசி விரிவுரையை முடித்தார். பாட ஆண்டின் நடுவிலே பதவியை விட்டுப் பிரான்சு நாட்டுக்குப் புறப்பட வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்திருந்தது. அக்காலத்தில் அப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களின் வருவாயிற் பெரும்பகுதி மாணவர்கள் நேரே கொண்டுவந்து கொடுக்கும் கட்டணமே. எஞ்சிய பாடங்களை நடத்துவதற்கு வேறோர் ஆசிரியரை அவர் ஏற்பாடு செய்துவிட்டார். ஆதலின் கட்டணத்தைத் தாமே வைத்துக்கொண்டிருந்தாலும் ஒருவரும் குறை கூறியிரார். அவரோ ஒவ்வொரு மாணவனுடைய பணத்தையும் தனித்தனிக் காகிதத்திற் பொதிந்து வந்து, பெயர் சொல்லி அழைத்துத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். முதல் மாணவன், தான் கற்றது கொடுத்ததினும் மிகுதி என்று கூறி வாங்க மறுத்தான். பேராசிரியர் விடவில்லை. அவனுடைய மேலங்கியைப் பற்றி இழுத்துப் பணத்தை அதன் பைக்குள் திணித்து அவனை அப்பால் அனுப்பினார். அதைக் கண்ட மற்றவர்கள் வாதாடிப் பயனில்லை என்று பேசாது வாங்கிக்கொண்டார்கள் என்பது வழிவழி வந்த செய்தி.

அப் பேராசிரியரின் பெயர் ஆதம் சிமித். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1776 மார்ச்சு மாதம் 9ஆம் நாள், ‘நாடுகளின் செல்வம்’ என்ற பெருநூல் இலண்டனில் வெளிவந்தது. அதன் பின்னர் அவர் பெயரைக் கேட்டவுடன் உலகத்தாருக்கு நினைவு வருவது ஒன்றேயாயிற்று: மனிதர் யாவரும் தத்தம் நலத்தையே நாடட்டும், அதனால் நாடு தானே செழிக்கும் என்று கூறியவர் அவர் என்பது. தமக்கு உரியதென்று எவரும் ஒப்புக்கொள்ளக் கூடிய பணத்தையும் கைவிட்ட ஒருவர் இத்தகைய போதனை செய்தாரா? செய்தாராயின் எந்த எல்லைக்குள் செய்தார்? வெறும் நூலாராய்ச்சி போலத் தோன்றும் இவ்வினாவுக்குப் பிற்காலத்தில் இலட்சக் கணக்கான உயிர்கள் விலையாயின. அவ்வுயிர்களிற் பல தமிழ் பேசிய உயிர்கள்.

சிமித் பிறந்த ஊர் கேர்க்காடி என்னும் சிறு துறைமுகப் பட்டினம். 1723ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. சுங்க அதிகாரியாயிருந்த தந்தையார் பிள்ளை பிறக்குமுன்பே இறந்துபோனார். தாயார் மார்கரெட் டக்ளசே அவரை வளர்த்தவர். பதினான்கு வயதிற் கிளாஸ்கோவுக்குப் படிக்கச் சென்ற சிமித், அங்கே பிரான்சிஸ் ஹச்சிசன் என்னும் ஆசிரியரிடம் பாடங் கேட்டார். ஹச்சிசன் இலத்தீனை விட்டு ஆங்கிலத்தில் விரிவுரை செய்யத் துணிந்தவர். பிறர் நலம் கருதுவதே அறம் என்று போதித்தவர்.

ஹச்சிசனுடைய கொள்கைக்கு நேரெதிரான ஒன்றும் அக்காலத்தில் உலவிவந்தது. ஒல்லாந்திற் பிறந்து இலண்டனில் வைத்தியம் செய்துவந்த மண்டவில் என்பவர் 1714இல் ‘தேனீக்களின் கதை’ என்ற நூலை வெளியிட்டார். தனிமனிதரின் பேராசையும் ஆடம்பரமும் ஒழியுமானால் தொழில்களும் ஒழியும், சீமாட்டியின் செருக்கினாலேதான் நெசவாளன் வயிறு நிரம்புகிறது, ஆகவே தீக்குணங்களே பொது நன்மைக்கு வித்து என்பது அவர் வாதம். 1723இல் அந்நூல் விரிவாக்கப்பட்டு வெளிவந்தபோது, மிடில்செக்ஸ் மாவட்டத்துச் சான்றாளர் குழு அதனைப் பொதுத் தொல்லை என்று முறையிட்டது. ஒரு புறம் அறம் முழுவதும் ஈகை என்றார் ஆசிரியர். மறுபுறம் செல்வம் முழுவதும் தீக்குணத்தின் விளைவு என்றார் வைத்தியர். இரண்டையும் கற்ற மாணவர் இரண்டையும் ஏற்கவில்லை.

1740 முதல் 1746 வரை சிமித் ஒக்ஸ்போட்டிற் படித்தார். அங்கே அவர் கண்டது வேறோர் பாடம். அங்குள்ள பேராசிரியர்களுக்கு நிலையான வருமானம் இருந்தது. கற்பித்தாலும் கற்பிக்காவிட்டாலும் அது குறையாது. அதன் பயனாக அவர்களிற் பலர் கற்பிப்பது போன்ற பாவனையைக்கூடக் கைவிட்டுவிட்டனர் என்று பின்னர் அவர் தம் பெருநூலில் எழுதினார். கடமையைச் செய்பவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே ஊதியம் கிடைக்குமானால் கடமை தளரும் என்பது அவர் முடிபு. ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது கசப்பான பகுதி. ஆயினும் பொய்யென்று தள்ளிவிடக் கூடியதன்று. தன்னலத்தை இழிவென்று ஒதுக்காமல், அதனை நல்ல வழியிற் செலுத்தும் வாய்க்கால் எது என்று தேடும் நோக்கு சிமித்துக்கு இங்கேயே தொடங்கியிருக்கலாம். கட்டணம் பெற்றே கற்பிக்க வேண்டும் என்ற அதே மனிதர்தான் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தவரும். இரண்டும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள். செய்த வேலைக்கு ஊதியம் பெறுவது நேர்மை. முடிக்காத வேலைக்குப் பெறுவது நேர்மையன்று.

1751இற் கிளாஸ்கோவிலே தருக்கப் பேராசிரியராகி, அடுத்த ஆண்டு ஒழுக்கவியற் பீடத்துக்கு மாறினார். அங்கு ஆற்றிய விரிவுரைகளிலிருந்து எழுந்ததே 1759இல் வெளிவந்த அவருடைய முதல் நூலான ‘ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய கொள்கை’. இந்நூலின் அடித்தளம் ஒத்துணர்வு. பிறனுடைய நிலையில் நம்மை வைத்துப் பார்க்கும் ஆற்றல் மனிதனுக்கு இயல்பாக உண்டு. அவ்வாறே பிறர் நம்மை எவ்வாறு காண்பர் என்றும் நாம் எண்ணிப் பார்க்கின்றோம். நாளடைவில், நம்முடைய சார்பிலோ பிறருடைய சார்பிலோ நில்லாத நடுநிலைப் பார்வையாளன் ஒருவன் நம் உள்ளத்திலேயே குடியேறிவிடுகின்றான். அவனையே நாம் மனச்சாட்சி என்கின்றோம்.

இந்நூலில் தன்னலம் கண்டிக்கப்படவில்லை. ஒருவன் தன் உடல்நலத்தையும் பொருளையும் நற்பெயரையும் பேணுவது விவேகம் என்னும் நற்பண்பாகவே கொள்ளப்படுகின்றது. ஹச்சிசனிடமிருந்து மாணவர் விலகிய இடம் இது. ஆனால் அதற்கு வேலியும் உண்டு. செல்வத்துக்கான போட்டியை அவர் ஓட்டப் பந்தயத்துக்கு ஒப்பிடுகின்றார்: எவ்வளவு வேகமாக ஓடினாலும் பார்ப்போர் குறை கூறார், பக்கத்தில் ஓடுபவனைத் தள்ளி வீழ்த்தினாலோ அவர்களுடைய பொறுமை அக்கணமே தீர்ந்துவிடும். மண்டவிலின் கொள்கையை ஒழுக்கத்துக்குக் கேடான முறைகளுள் ஒன்றாக அவர் எண்ணியதும் இந்நூலிலேதான்.

இதே நூலிற் புகழ்பெற்ற பகுதி ஒன்று உண்டு. சீன தேசம் முழுவதும் ஒரு பூகம்பத்தில் அழிந்தது என்று ஐரோப்பாவில் உள்ள நல்லவன் ஒருவன் கேள்விப்படுகின்றான் என்க. அவன் வருந்துவான், மனித வாழ்வின் நிலையாமையைப் பற்றிச் சிந்திப்பான், பின்பு வழக்கம்போல் நித்திரை கொள்வான். மறுநாள் தன் சுண்டுவிரலை இழக்க வேண்டும் என்று வந்தாலோ இரவு முழுவதும் கண் மூடான். அப்படியானால், அந்தச் சுண்டுவிரலைக் காப்பதற்காக அத்தனை கோடி மக்களையும் பலியிட அவன் உடன்படுவானா? உடன்படான் என்பதே சிமித்தின் விடை. உடன்படாது தடுப்பது இரக்கமன்று, ஏனெனில் தொலைவில் உள்ளார்மீது இரக்கம் மெலிந்து போகும். தடுப்பது உள்ளிருக்கும் அந்த நடுவன். இந்தப் பூகம்பத்தை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. இரண்டாம் நூலிலும் ஒரு பூகம்பம் வருகின்றது.

முதல் நூலின் புகழே ஆசிரியரைக் கிளாஸ்கோவிலிருந்து பெயர்த்தது. பக்ளூ கோமகன் என்னும் இளம் பிரபுவுடன் பிரான்சுக்குச் சென்று அவருக்கு ஆசிரியராயிருக்க ஆண்டுக்கு 300 பவுணும், பின்னர் ஆயுள் முழுவதும் அதே தொகை ஓய்வூதியமும் தருவதாக வந்த அழைப்பை அவர் ஏற்றார். 1766இல் நாடு திரும்பி, கேர்க்காடியிலே தாயாருடன் இருந்து இரண்டாம் நூலை எழுதினார். இடையில் 1772இல் ஸ்கொத்லாந்தின் ஏயர் வங்கி முறிந்தது. பக்ளூ கோமகனும் அதிற் பங்காளர். பல குடும்பங்கள் நிலத்தை இழந்தன. வங்கிகள் சிறு தொகை நோட்டுக்களை வெளியிடாதபடி சட்டம் தடுக்க வேண்டும் என்று சிமித் எழுதியதற்கு அவர் கண்ட இந்த வீழ்ச்சி ஒரு காரணம் எனலாம். நெருப்புப் பரவாதபடி வீடுகளுக்கிடையே சுவர் எழுப்பக் கட்டாயப்படுத்துவதும் ஒருவகையில் சுதந்திரத்துக்குத் தடையே. ஆயினும் சிலருடைய சுதந்திரம் எல்லோருக்கும் ஆபத்தாகும்போது அதனைத் தடுப்பது அரசின் கடன் என்று அவர் வாதித்தார். வட்டிக்கும் உச்ச அளவு வேண்டும் என்றார். எதிலும் தலையிடாத அரசையே அவர் விரும்பினார் என்போர் இப்பக்கங்களைப் புரட்டுவதில்லை.

இரண்டாம் நூலிலே இறைச்சி விற்பவனும், ரொட்டி சுடுபவனும், மது காய்ச்சுபவனும் நம்மீது இரங்கியன்று, தம் வருவாயைக் கருதியே கடை திறக்கின்றனர் என்ற உண்மை கூறப்படுகின்றது. தன் நலத்தை நாடுபவன், தான் எண்ணியிராத பொது நன்மையையும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கையினால் வழிநடத்தப்பட்டு விளைவிப்பதுண்டு என்பதும் கூறப்படுகின்றது. அந்தக் ‘கை’ இவ்வளவு பெரிய நூலில் ஒரே ஒரு முறைதான் வருகின்றது. வணிகர்மீது கொண்ட ஐயமோ பக்கத்துக்குப் பக்கம் வருகின்றது. ஒரே தொழிலைச் செய்வோர் விருந்துக்குக் கூடினாலும் பேச்சு விலையை உயர்த்தும் சூழ்ச்சியில் முடிவதை அவர் கவனித்தார். கூலியை உயர்த்தாதிருக்க முதலாளிமார் எப்போதும் வாய்திறவாத உடன்பாட்டில் இருக்கின்றனர். தொழிலாளர் சேர்ந்தாலோ சட்டம் அவர்கள்மீது பாய்கின்றது என்பதையும் எடுத்துக் காட்டினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் சிலர் இவ்விரு நூல்களும் ஒன்றுக்கொன்று முரண் என்று முடிவு செய்தனர். ஒத்துணர்வு போதித்த பேராசிரியர் பிரான்சுக்குச் சென்று அங்குள்ளோர் கொள்கையால் மனம் மாறித் தன்னலவாதியாய்த் திரும்பினார் என்பது அவர்கள் விளக்கம். கதை அழகாய்த்தான் இருந்தது. ஆனால் 1895இல், கிளாஸ்கோ விரிவுரைகளின் குறிப்பேடு ஒன்று எட்வின் கனன் என்னும் ஆங்கில அறிஞர் கைக்கு எட்டியது. மறு ஆண்டு அதனை அவர் பதிப்பித்தார். தொழிற் பிரிவு, விலை, வாணிகச் சுதந்திரம் ஆகியவை பற்றிய கருத்துக்களைப் பிரான்சுக்குச் செல்லுமுன்பே, ஒழுக்கவியல் போதித்த அதே மாணவருக்கு அவர் போதித்து வந்தார் என்பது தெளிவாயிற்று. 1958இற் கிடைத்த இன்னொரு குறிப்பேடும் இதனை உறுதி செய்தது. மனம் மாறியது என்ற கதைக்கு இடமில்லாது போயிற்று.

கனன் பதிப்பித்த அக்குறிப்பேட்டில் ஒல்லாந்து வணிகரைப் பற்றி ஒரு பகுதி உண்டு. ஐரோப்பிய மக்களுள் சொன்ன சொல்லைத் தவறாது காப்பவர் ஒல்லாந்தரே என்கின்றார் சிமித். அவர்கள் பிறப்பிலே உத்தமர் என்பதனாலன்று. நாளொன்றுக்கு இருபது ஒப்பந்தம் செய்யும் ஒருவன், ஒன்றில் ஏமாற்றிப் பெறும் இலாபத்தினும் நற்பெயர் இழந்து படும் நட்டம் பெரிது என்பதை அறிவான். எப்போதாவது ஒரு முறை பேரம் பேசுபவனுக்கு அந்த அச்சம் இல்லை. இங்கே தன்னலமும் அறமும் கைகோத்து நடக்கின்றன. அயலான் பார்த்துக்கொண்டிருக்கின்றான், விருப்பமில்லையேல் அடுத்த கடைக்குப் போகவும் அவனால் முடியும்.

அதே ஒல்லாந்தர் இரண்டாம் நூலிலும் வருகின்றனர், ஆனால் வேறு கோலத்தில். கிழக்கே வாசனைத் திரவியத் தீவுகளில், விளைச்சல் மிகுந்த ஆண்டிலே தாம் எதிர்பார்க்கும் இலாபத்துக்கு மேற்பட்டு எஞ்சும் பொருளை அவர்கள் எரித்துவிடுவதாகச் சொல்லப்படுகின்றது என்று அவர் எழுதினார். அத் தீவுகளை ஆண்ட அதே கம்பனியே இலங்கைக் கறுவாவையும் தன் தனியுரிமையாக வைத்திருந்தது என்பதை இந்நாட்டார் அறிவர். அம்ஸ்டர்டாமில் நேர்மை தவறாதவன் மொலுக்காத் தீவிலே சாதிக்காய்க்குத் தீ வைக்கின்றான். மனிதன் ஒருவனே, தன்னலமும் ஒன்றே, மாறியது சூழ்நிலை. அங்கே அவனுக்குப் போட்டியில்லை. அவனால் நலிவுற்றவர் முறையிடும் இடமும் இல்லை. அவனை மதிப்பிடும் கண்கள் கடலுக்கு அப்பால் இருந்தன.

இந்த நோக்கோடு சிமித் வங்காளத்தைப் பார்த்தார். அங்கே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி வணிகராயும் ஆட்சியாளராயும் ஒருங்கே இருந்தது. ஆட்சியாளனுக்கு நாட்டு மக்கள் செழித்தால் இலாபம். வணிகனுக்கோ அவர்களிடம் மலிவாக வாங்கினால் இலாபம். இரு தொழிலும் ஒருவன் கையில் வந்தபோது வணிகன் ஆட்சியாளனை விழுங்கிவிட்டான். கையிருப்பிலுள்ள அபினுக்கு விலை ஏற வேண்டுமாயின், பஞ்சத்தின் பெயரைச் சொல்லி அபினிச் செடி நின்ற வளமான வயலை உழுது நெல் விதைக்கும்படி குடியானவனுக்கு ஆணை பிறந்தது. வேறொரு சமயம் நெல்வயலை உழுது அபினிச் செடி நடுமாறு ஆணை பிறந்தது.

1769-70இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. மக்களில் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் மதிப்பிட்டார். அவ்வளவு பேர் மாண்ட பின்னும் 1771இன் நிலவரி வசூல் 1768இன் வசூலை விஞ்சியது என்பதையும் அவரே தெரிவித்தார். மழை பொய்த்தது அருந்தலை மட்டுமே உண்டாக்கியிருக்கும். கம்பனி ஊழியர் அரிசி வாணிகத்தின்மீது விதித்த முறையற்ற கட்டுப்பாடுகளே அதனைப் பஞ்சமாக்கின என்பது சிமித்தின் கருத்து. அந்த ஊழியரைப் பற்றிப் பேசும் இடத்திலேதான் இரண்டாவது பூகம்பம் வருகின்றது. பொருளைத் திரட்டிக்கொண்டு ஊர் திரும்புவதே அவர்கள் ஒவ்வொருவரின் நோக்கம். செல்வத்தோடு கப்பலேறிய மறுநாள் அந்நாடு முழுவதையும் பூகம்பம் விழுங்கினாலும் அவர்களுக்கு எள்ளளவும் நட்டமில்லை என்கின்றார். முதல் நூலிலே கற்பனையாகச் சொன்ன சுண்டுவிரல் மனிதனை இரண்டாம் நூலிற் பெயரும் பதவியும் உடையவனாக அவர் கண்டுவிட்டார். அவன் கொடியவன் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடத்தில் வைக்கப்பட்ட எவரும் அவ்வாறே நடந்திருப்பர், கேடு அமைப்பிலே உள்ளது என்று குறித்தார். இக்கூற்றே மிகவும் அச்சந் தருவது.

சிமித்தின் கடைசிக் காலத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லலாம். 1778இல் அவர் எடின்பரோவிற் சுங்க ஆணையாளருள் ஒருவரானார். ஆண்டு வருமானம் 600 பவுண். இனி ஓய்வூதியம் வேண்டாம் என்று பக்ளூ கோமகனிடம் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. இறக்குமதித் தடைகள் பலவற்றை மூடச் சட்டங்கள் என்று எழுதியவர், பதவியேற்றபின் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை எடுத்துத் தம் உடைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கழுத்துப் பட்டி, கைமடிப்பு, கைக்குட்டை என்பவற்றுள் ஏறக்குறைய எல்லாமே தடைசெய்யப்பட்டவையாயிருந்தன. அவற்றைத் தீயிலிட்டுவிட்டதாக 1780இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். நகைச்சுவையோடு எழுதிய கடிதந்தான். ஆனால் எரித்தது உண்மை.

1790இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், முதல் நூலின் ஆறாம் பதிப்பைப் பெரிதும் விரித்து வெளியிட்டார். பெருநூலின் புகழ் பரவியிருந்த அவ்வேளையிலே அவர் திரும்பிச் சென்றது ஒழுக்கவியலுக்கே. புதிதாகச் சேர்த்த அதிகாரங்களுள் ஒன்று, செல்வரை வியந்து வறியவரைப் புறக்கணிக்கும் மனப்பான்மையே நம் ஒழுக்க உணர்ச்சிகளைக் கெடுக்கும் பெருங்காரணம் என்று கூறுகின்றது. சூலை மாதம் 17ஆம் நாள் அவர் காலமானார். அவர் மறைவாகச் செய்துவந்த கொடைகள், அவருடைய வருவாயிலிருந்து எவரும் எதிர்பார்க்கக் கூடியதினும் மிகுதியாயிருந்தமை அதன் பின்னரே தெரியவந்தது.

அவருக்குப் பின் இரண்டாம் நூல் நாடெங்கும் வாசிக்கப்பட்டது. முதல் நூலை வாசிப்போர் அருகினர். கிழக்கிந்தியக் கம்பனி தன் இளம் அலுவலரைப் பயிற்ற நிறுவிய கல்லூரியில் 1805 முதற் பொருளியல் ஒரு பாடம். அதனைக் கற்பித்தவர் புகழ்பெற்ற மால்தஸ். பஞ்ச காலத்திலே தானிய வாணிகத்தில் அரசு கைவைத்தலாகாது என்ற விதியை அவ்வலுவலர் வழிவழியாக வேதம்போல் ஓதி வந்தனர். கம்பனி ஊழியர் வாணிகத்தை நெரித்ததைக் கண்டித்துச் சிமித் எழுதியது, பசித்தவனுக்குச் சோறு கொடாதிருப்பதற்கு ஆதாரமாயிற்று.

1866இல் ஒரிசாவிற் பஞ்சம் வந்தபோது அரசு அரிசி வரவழைக்க மறுத்தது. வணிகர் கொண்டுவருவர் என்று காத்திருந்தது. வணிகர் வரவில்லை, பருவமழை தொடங்கித் துறைகள் அடைபட்டபின் கொண்டுவர விரும்பினாலும் முடியவில்லை. சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். இதனால் நாணிய அரசு 1873-74இல் வங்காளத்துக்கும் பீகாருக்கும் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து ஏறத்தாழ நாலரை இலட்சம் தொன் அரிசியை வாங்கி வந்தது. அதனை நடத்தியவர் சேர் றிச்சட் ரெம்பிள். பட்டினியால் இறந்தோர் மிகச் சிலரே. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, வீண் செலவு செய்தார் என்ற வசை.

1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தானியத்தை வாங்கிச் சேமிக்க மாகாண அரசு முனைந்தபோது, வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் அதனை ஒப்பவில்லை. விலையைக் குறைக்கும் நோக்கத்தோடு எவ்விதத் தலையீடும் கூடாது என்பது கட்டளை. 1877 சனவரியிற் சென்னைக்கு அனுப்பப்பட்டவர் அதே ரெம்பிள்; இம்முறை சிக்கனத்தையே காட்ட வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓரணாவும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையாளராயிருந்த டொக்டர் கோர்னிஷ், சிறையிலுள்ள கைதிக்கு இதனினும் மிகுதியான உணவு கிடைக்கின்றது என்று எதிர்த்து எழுதினார். மே மாதத்திற் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் போயின.

வணிகரைப் பற்றியும் நியாயம் பேச வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கு வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அவர்கள் பெருமளவு தானியம் கொண்டுவந்து குவித்தனர். விலை உயர்ந்தால் சரக்கு வரும் என்று சிமித் கூறியது பொய்க்கவில்லை. ஆனால் விளைச்சல் அற்றுப் போனதால் கூலி அற்றுப்போன உழவுத் தொழிலாளிக்கு அந்தத் தானியம் சந்திரனிலிருந்தாலும் சென்னையிலிருந்தாலும் ஒன்றே. அதே காலத்தில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. ஆசை வேறு, விலை கொடுக்க வல்லவனுடைய வேண்டுதல் வேறு, சந்தையின் செவியில் விழுவது பின்னையதே என்று சிமித்தே முதற் பாகத்திற் பிரித்துக் காட்டியிருக்கின்றார். அந்தப் பக்கம் அலுவலர் கண்ணிற் படவில்லை. பிற்காலத்தில், 1981இல், அமர்த்தியா சென் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூல், உணவு இருந்தும் அதனைப் பெறும் ஆற்றல் இல்லாமையே பல பஞ்சங்களின் காரணம் என்று விரிவாக நிறுவியது. சிமித்தை அரைகுறையாகப் படித்ததன் கேட்டையும் அவர் பின்னர் எடுத்துரைத்தார்.

இரண்டு ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அப் பஞ்சத்திலிருந்து தப்பியவர்களுள் ஒரு பகுதியினர் கடல் கடந்து இலங்கைக்கு வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாக மாத்தளை வரை நீண்ட வடபாதையில் அவர்கள் நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் அப்பாதையிற் பலரை விழுங்கின. தோட்டத் துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்களுக்குச் சோறு வேண்டியிருந்தது. இருவர் நலமும் பொருந்தியது என்று பொருளியலார் கணக்கெழுதக் கூடும். பேரம் பேசும்போது ஒருவன் பசியோடும் மற்றவன் பணத்தோடும் இருந்தான் என்பது அக்கணக்கில் ஏறாது. வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று மலைநாட்டிற் பெருந்தொகையாக வாழ்வோருள் ஒரு பகுதியினர்.

பஞ்சத்தை விசாரித்த ஆணைக்குழு 1880இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. தானிய வாணிகத்தை வணிகரிடமே விட வேண்டும் என்பதை அது மாற்றவில்லை. ஆனால் விளைச்சல் அழிந்தவுடன் அரசு வேலை கொடுக்க வேண்டும், உடல் தேறக் கூடிய அளவு கூலி கொடுக்க வேண்டும், வேலை செய்ய இயலாதவருக்கு இலவச உணவு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. பசித்தவன் கையிற் காசு இருந்தால், வணிகன் தன் இலாபத்தைக் கருதியேனும் அவன் ஊருக்குத் தானியம் கொண்டுவருவான் என்பது அதன் கணக்கு. 1883இற் பஞ்ச விதிக்கோவை வகுக்கப்பட்டது. அவ்விதிகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வடபாதையில் வந்து சேர்ந்தவர்கள் உழைத்த மலைச்சாரல்களிற் கோப்பிச் செடிகள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்தன. துரைமார் பலர் கடனாளிகளாகி ஊர் திரும்பினர். தொழிலாளர் அடுத்த சரிவிலே தேயிலைக்குக் குழி வெட்டத் தொடங்கியிருந்தனர்.